வரைபடக் கணிப்பானில் விளையாட்டு நிரலாக்கம்

வரைபடக் கணிப்பானில் விளையாட்டு நிரலாக்கம் என்பது, சார்புகளின் வரைபடங்களை வரையும் கையடக்கக் கணிப்பானில் எளிய விளையாட்டுகளுக்கான நிரல்களை எழுதுவதாகும். திரையில் ஓர் உருவத்தை அம்புக்குறி விசைகளால் நகர்த்துவது இதன் அடிப்படைப் பயிற்சி ஆகும்.

வரலாறு

உலகின் முதல் வரைபடக் கணிப்பானான காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி 1985 இல் வெளிவந்தது. டெக்சாசு இன்சுட்ருமென்ட்சு நிறுவனம் 1990 இல் டிஐ-81 ஐயும், 1999 இல் டிஐ-83 பிளசையும் வெளியிட்டது. அமெரிக்கப் பள்ளிகளில் இவை பரவலானதால், மாணவர் பலர் தம் முதல் நிரலைக் கணிப்பானிலேயே எழுதினர். இந்தியாவில் சிபிஎசுஇ 12 ஆம் வகுப்புக் கணிதத் தேர்வில் கணிப்பானுக்கு இசைவு இல்லை.

திரையும் விசைகளும்

டிஐ-83 பிளசின் திரை 96×64 படப்புள்ளிகள் கொண்டது. எழுத்துத் திரையில் 8 வரிசைகளும் 16 நிரல்களும் உள்ளன. இதன் நிரல்மொழி டிஐ-பேசிக். "கெட்கீ" கட்டளை கடைசியாக அழுத்தப்பட்ட விசையின் எண்ணைத் தரும்; விசை எதுவும் அழுத்தப்படாவிடின் 0 தரும். விசையெண்ணின் கடைசி இலக்கம் விசைப்பலகையின் நிரலையும், அதற்கு முன் உள்ள பகுதி வரிசையையும் குறிக்கும்.

* இடது: 24
* மேல்: 25
* வலது: 26
* கீழ்: 34
* கிளியர்: 45

ஒருமுறை படித்தவுடன் விசையெண் அழிந்துவிடும். ஆதலால் அதனை ஒரு மாறியில் சேமித்தல் வேண்டும்.

செயல்முறை

தொடக்கத்தில் திரையைத் துடைத்து, நிரல் எண்ணை எக்ஸ் மாறியிலும் வரிசை எண்ணை ஒய் மாறியிலும் இட்டு, உருவத்தை அங்கே எழுத வேண்டும். பின்னர் கிளியர் விசை அழுத்தப்படும் வரை கீழ்க்காணும் மடக்கு இயங்கும்.

1. விசையெண்ணைக் கே மாறியில் சேமித்தல்
2. கே 0 எனில் படி 1 க்குத் திரும்புதல்
3. பழைய இடத்தில் ஒரு வெற்றிடத்தை எழுதுதல்
4. எக்ஸ், ஒய் மதிப்புகளை மாற்றுதல்
5. புதிய இடத்தில் உருவத்தை எழுதுதல்

உண்மையில் உருவம் எதுவும் நகர்வதில்லை. ஓரிடத்தில் அழிக்கப்பட்டு அடுத்த இடத்தில் எழுதப்படுகின்றது. ஆகவே 3, 4 ஆம் படிகளின் வரிசை மாறினால் பழைய இடம் எதுவென்ற தகவல் இழக்கப்பட்டு, உருவம் சென்ற வழியெங்கும் தடம் எஞ்சும். ஒவ்வொரு சுற்றிலும் முழுத் திரையையும் துடைத்தால் தடம் நீங்கும். ஆனால் திரை மினுமினுக்கும்.

எல்லைச் சோதனை

எக்ஸ் 16 ஐத் தாண்டினால் கணிப்பான் பிழை காட்டி நின்றுவிடும். டிஐ-பேசிக்கில் உண்மையான ஒப்பீட்டின் மதிப்பு 1, பொய்யானதன் மதிப்பு 0 ஆகும். எனவே (கே=26) × (எக்ஸ்<16) என்னும் பெருக்கலை எக்சுடன் கூட்டினால், வலது விசை அழுத்தப்பட்டு இடமும் இருந்தால் மட்டுமே உருவம் ஒரு நிரல் நகரும். ஏனைய திசைகளுக்கும் இம்முறை பொருந்தும்.

பிற மொழிகளில்

உள்ளீட்டைப் பெறுதல், நிலையை மாற்றுதல், திரையை வரைதல் என்னும் இம்மடக்கே கணினி விளையாட்டுகளுக்கும் அடிப்படையாகும். தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில் உள்ள சி++, பைத்தான் மொழிகளிலும் இதனை எழுதலாம்.