பீஜித் தென்னையைக் காத்த மலாயா ஈ

கிள்ளான், காப்பார் கரையோரத் தென்னைகளில் சில சமயம் ஓலைகள் தீப்பட்டாற்போல் வெளுத்துத் தொங்கும். வெயிலின் கொடுமை என்றே தோட்டத்தில் பலரும் சொல்வர். ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறப் பச்சையைச் சுரண்டித் தின்னும் சிறு புழுக்கள் தெரியும். இவை ஆர்ட்டோனா என்னும் அந்துப்பூச்சியின் புழுக்கள். கோலாலம்பூர் விவசாய இலாகாவின் பூச்சியியலார் கேட்டர் 1920களில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்.

இப்புழு திடீரெனப் பெருகும், பின் அடங்கிவிடும். அடக்குவனவற்றுள் முக்கியமானது ஒரு சிறு ஈ. அது புழுவின் உடல்மேல் முட்டையிட, முட்டையிலிருந்து வெளிவருவது உள்ளே துளைத்துச் சென்று புழுவையே உண்டு வளரும்.

அக்காலத்தில் பீஜித் தீவுகளில் வேறொரு அந்து, லெவுவானா என்பது, தென்னையை மொட்டையடித்து வந்தது. 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய நம்மவர் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட நாடு அது. 1870களிலிருந்தே வீத்தி லெவு தீவு இத்தொல்லைக்கு ஆளாகியிருந்தது. மற்றத் தீவுகளுக்கும் பரவினால் கொப்பரை வாணிகமே போய்விடும் என்று அஞ்சினர். ஓங்கி வளர்ந்த மரங்களில் மருந்து தெளித்து மாளாது. லெவுவானாவின் பிறப்பிடத்தைக் கண்டால் அதன் பகைவனையும் காணலாம், அப்பிறப்பிடமோ அகப்படவேயில்லை.

அப்போது டாட்ஹில் என்பாரின் தலைமையில் இயங்கிய குழுவினர் ஒரு துணிவான முடிவு செய்தனர். இதன் பகைவன் கிட்டாவிட்டால், இதன் உறவினனுடைய பகைவனைத் தேடுவோம் என்பதே அது. அவ்வுறவினன் நம் ஆர்ட்டோனா. டெய்லர் என்பவர் மலாயாவுக்கு வந்து, பேராக்கிலுள்ள பத்து காஜாவில் புழு பற்றிய தென்னைகளைக் கண்டார். இளந்தென்னைகளைக் கூண்டில் வைத்து, அவற்றின்மேல் புழுக்களை வாழவிட்டுக் கப்பலேற்றினார். புழு உயிரோடிருந்தால்தானே உள்ளிருக்கும் ஈயும் பிழைக்கும்! 1925 ஆகஸ்டில் சூவாவை அடைந்தவற்றுள் தேறிய ஈக்கள் சுமார் முந்நூறு. அவற்றைப் பெருக்கித் தோப்புகளில் விட்டனர். சில ஆண்டுகளுக்குள் தென்னைகள் மீண்டும் தழைத்தன.

பாடநூலில் இவ்வரலாறு இங்கே முடிந்துவிடும். வகுப்பில் நானும் பல்லாண்டு இங்கேயே நிறுத்தினேன். ஆனால் லெவுவானா அடங்கியதோடு நில்லாமல், பின்னர் கண்ணிலேயே படாமற் போயிற்று. உலகில் அற்றுப்போன உயிர்களின் பட்டியலில் அதன் பெயரும் சேர்ந்துவிட்டது. அது பீஜிக்கு வெளியிலிருந்து வந்த பூச்சி என்றே அன்று கொண்டனர். அத்தீவுக்கே உரியதாக இருக்கலாம் என்று பிற்கால அறிஞர் சிலர் வாதிடுகின்றனர். முற்றிலும் அழிந்ததா என்று ஐயுறுவோரும் உளர். கொப்பரையை நம்பி வாழ்ந்த குடும்பங்களை எண்ணினால் டெய்லரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் இப்போது வகுப்பில் அந்தப் பட்டியலையும் சேர்த்தே சொல்கிறேன்.