மணிலாக் கொல்லையில் தூவிய பொடி

ஆடிப்பட்டத்தில் மணிலாக் கடலை விதைத்தவனுக்கு மழை பொய்த்தாலும் கவலை, பெய்தாலும் கவலை. முகையூர், கண்டாச்சிபுரம், திருக்கோவிலூர் சுற்று வட்டாரத்து மானாவாரிக் கொல்லைகளில் நல்ல மழை ஒன்று விழுந்ததுமே மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்த சிவப்புக் கம்பளிப்புழு அந்துப்பூச்சியாகி மேலே வந்துவிடும். அது இலைக்கடியில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சில நாளில் புழுக்கள் கூட்டங்கூட்டமாக ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு, வரப்பேறி அடுத்த கொல்லைக்கு நடக்கும். பழைய தென்னாற்காடு மாவட்டம் முழுக்க மணிலா பயிரிட்டவர்கள் பயந்த பூச்சி இது.

அதற்கு அந்தக் காலத்தில் செய்தது எல்லாம் கை வேலை. மழை பெய்த இரவுகளில் கொல்லை ஓரமாகத் தீ மூட்டுவார்கள், அல்லது அரிக்கேன் விளக்கை வைத்து அதன் கீழே தண்ணீர்ச் சட்டி வைப்பார்கள். வெளிச்சத்துக்கு வந்த பூச்சி அதில் விழும். முட்டை ஒட்டிய இலைகளைச் சிறுவர்கள் கிள்ளி எடுப்பார்கள். புழு நடக்கத் தொடங்கிவிட்டால் கொல்லையைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவார்கள். வீட்டுக்கு வந்த தானியத்துக்கு வேப்பிலை, நொச்சி, வசம்பு, சாம்பல். இவை எதுவும் முழுப் பாதுகாப்பு தந்ததில்லை. தந்திருந்தால் 1950-களுக்குப் பிறகு வந்த சாம்பல் நிறப் பொடிக்கு ஊரே அப்படிக் கை நீட்டியிருக்காது.

அந்தப் பொடி பி.எச்.சி. பத்து சதவீதத் தூள். சில வீடுகளில் அதற்குக் கமாக்சின் என்று பெயர். காலைப் பனி இலையில் காயும் முன்பு தூவினால்தான் ஒட்டும் என்பதால் விடிந்ததும் வேலை தொடங்கும். தூவும் கருவி இல்லாதவர்கள் பொடியை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, செடிக்கு மேலே பிடித்து உதறிக்கொண்டே சாலில் நடப்பார்கள். காற்று திரும்பினால் பொடி முகத்துக்கு வரும், புருவத்தில் படியும். மக்கிய நெடி ஒன்று துணியை விட்டுப் போகாது. மீந்த பொடி எறும்புப் புற்றுக்கும், விதை மூட்டைக்கும், தலைப்பேனுக்கும்கூடப் போனது.

அந்தத் தூளின் கதை லண்டனில் தொடங்குகிறது. 1825-ல் மைக்கேல் ஃபாரடே பென்சீனோடு குளோரினைச் சேர்த்து இதை உருவாக்கினார். பூச்சியைக் கொல்லும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அது தெரியவந்தது 1940-களின் தொடக்கத்தில்தான். இந்தியாவில் 1952-ல் கல்கத்தா அருகே பி.எச்.சி. தயாரிக்கும் ஆலை எழுந்தது. நாட்டின் பூச்சிமருந்துத் தொழிலே அங்கிருந்துதான் தொடங்குகிறது. விலை மலிவு, சேமிப்பது எளிது, பாசன வசதி இல்லாத கொல்லைக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்க வேண்டியதில்லை.

மலிவுக்குக் காரணம் இருந்தது. ஆலையில் கிடைக்கும் பி.எச்.சி. ஒரே பொருள் அல்ல, ஒரே அணுக்கள் வேறு வேறு விதமாக அடுக்கப்பட்ட பல வடிவங்களின் கலவை. அதில் பூச்சியைக் கொல்வது காமா என்ற வடிவம் மட்டும்தான், அதுவும் 10 முதல் 15 சதவீதம்தான். ஆல்ஃபா 60 சதவீதத்துக்கு மேல். பீட்டா சுமார் 5 முதல் 12 சதவீதம். பணக்கார நாடுகள் பலவற்றில் காமாவைப் பிரித்தெடுத்து லிண்டேன் என்று விற்கும் வழக்கம் வந்தது. இந்திய உழவனுக்குப் பெரும்பாலும் கிடைத்தது பிரிக்காத கலவை. அதாவது நூறு கிலோ மருந்துச் சரக்கை நிலத்தில் போட்டால் அதில் குறைந்தது எண்பத்தைந்து கிலோவுக்குப் புழுவிடம் வேலையே இல்லை. அந்த வேலையற்ற பகுதிதான் மனித உடம்பில் தங்கியது.

பாலூட்டிகளின் உடம்பு வேண்டாததை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீர், பித்தம் வழியாக. சிறுநீரில் போக வேண்டுமானால் பொருள் தண்ணீரில் கரைய வேண்டும். கரையாததைக் கல்லீரல் பிடித்து, ஆக்சிஜனை ஒட்டி, உடைத்து, கரையும் பொருளாக்கி அனுப்பும். காமா வடிவத்தைக் கல்லீரல் ஓரளவு விரைவாகவே கையாண்டுவிடும். பீட்டாவில் ஆறு குளோரின் அணுக்களும் வளையத்தின் ஓரத்தில் நெருக்கமாக அமர்ந்திருப்பதால் நொதிக்குப் பிடி கிடைப்பதில்லை. அது கொழுப்பில் போய் உட்கார்ந்துவிடும். மனித உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையச் சுமார் ஏழு ஆண்டு ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புதிதாக ஒரு துளியும் சேராவிட்டால்கூட ஏழு ஆண்டில் பாதி, பதினாலில் கால், இருபத்தொன்றில் அரைக்கால் மிச்சம்.

டி.டி.டி.யின் கணக்கும் இதே போலத்தான். 1953-ல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிய பிறகு மருந்து அடிக்க வந்தவர்கள் வீட்டுச் சுவர், கூரை, மாட்டுத்தொழுவம் எல்லாவற்றிலும் அடித்தார்கள். அந்த மருந்து மலேரியாவை ஒடுக்கி எத்தனையோ உயிர்களைக் காத்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உடம்புக்குள் டி.டி.டி.யைக் கல்லீரல் டி.டி.இ. என்ற பொருளாக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. டி.டி.இ. அதைவிடப் பிடிவாதம். 1951-லேயே அமெரிக்காவில் தாய்ப்பாலில் டி.டி.டி. இருப்பது கண்டறியப்பட்டிருந்தது. 1965-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த ஆய்வு, டெல்லிவாசிகளின் உடற்கொழுப்பில் அது மிக அதிகமாக இருப்பதைக் காட்டியது.

தென்னாற்காட்டு மண்ணில் இந்தக் கேள்வியைப் பொறுமையாகத் துருவியவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. 1980-களின் பிற்பாதியில் அங்கிருந்த அ. சுப்பிரமணியன், அ. ரமேஷ் முதலியோரும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனாபே, ரியோ தாத்சுகாவா ஆகியோரும் சேர்ந்து வெள்ளாற்றுத் தண்ணீர், காற்று, வயல் மண் என்று வரிசையாக அளந்தார்கள். நெல் வயல் ஒன்றில் பி.எச்.சி.யைப் போட்டு அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். ஆற்றோடு கடலுக்குப் போனது மிகச் சொற்பம். 99 சதவீதத்துக்கும் மேல் வெயிலில் ஆவியாகிக் காற்றில் கலந்திருந்தது. குளிர்நாட்டு வயலில் ஆண்டுக்கணக்கில் மண்ணோடு கிடக்கும் மருந்து இங்கே கிளம்பி எங்கெங்கோ போய் இறங்கியது.

மிச்சம் பயிரில் ஒட்டியது. மணிலாக்கொடியும் வைக்கோலும் மாட்டுக்குப் போகும். எண்ணெய் எடுத்த புண்ணாக்கும் மாட்டுக்கே. கொழுப்பில் கரையும் பொருள் மாட்டின் உடம்பில் சேர்ந்து, கறக்கும்போது பாலின் கொழுப்போடு வெளியே வரும். தயிரைக் கடைந்தால் வெண்ணெய் திரண்டு மேலே வருகிறதே, பி.எச்.சி.யும் அந்த வெண்ணெயோடுதான் வரும். கீழே நிற்கும் மோரில் மிகக் குறைவு. உருக்கினால் நெய்யில் செறிவு இன்னும் கூடும். 1992-ல் குருந்தாசலம் கண்ணன் முதலியோர் இந்திய உணவுப் பொருள்களைச் சோதித்து, பாலும் பால்பொருள்களும்தான் இந்த நஞ்சு மனிதருக்கு வரும் முக்கிய வழி என்று காட்டினார்கள். புலால் உண்ணாத வீட்டுக்கு ஆபத்து குறைவு என்ற நினைப்பை அது கலைத்தது. மறு ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில், 12 மாநிலங்களில் திரட்டிய 2,205 பால் மாதிரிகளில் சுமார் 82 சதவீதத்தில் டி.டி.டி. எச்சம் இருந்தது.

மாட்டுக்கு நடந்ததுதான் தாய்க்கும். 1990-ல் தனாபே குழு தென்னிந்தியத் தாய்ப்பால் மாதிரிகளில் கண்டது, டி.டி.டி.யைக் காட்டிலும் பி.எச்.சி. வகை மேலோங்கிய ஒரு தனி அமைப்பு. வேறு பல நாடுகளில் நிலைமை தலைகீழ். வயலில் எதைத் தூவினார்களோ அதன் அடையாளம் அப்படியே தாயின் பாலில் இருந்தது. பெண் பாலூட்டிகளுக்கு இந்தப் பொருள்களை வெளியேற்ற இருக்கும் பெரிய வாசல் பால் கொடுப்பது ஒன்றே. பல ஆண்டுச் சேமிப்பைத் தலைச்சன் பிள்ளை அதிகமாக வாங்கிக்கொள்கிறது, அடுத்தடுத்த பிள்ளைக்குக் குறைகிறது. ஆணுக்கு அந்த வாசல் இல்லாததால் வயதோடு ஏறிக்கொண்டே போகும். இத்தனைக்குப் பிறகும் தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லி மருத்துவம் சொல்லவில்லை, அதன் நன்மை இந்த ஆபத்தைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் குழந்தையின் முதல் உணவில் இது கலந்ததற்கு அந்தத் தாய்மார் எந்த வகையிலும் பொறுப்பல்ல.

கடலுக்குப் போன சொற்பமும் வீணாகிவிடவில்லை. வங்கக்கடலில் மீன் வலையில் தவறுதலாகச் சிக்கிய ஓங்கில்களின் கொழுப்பை அதே குழுவினர் சோதித்து 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். டி.டி.டி., பி.எச்.சி., தொழிற்சாலை வேதிப்பொருளான பி.சி.பி. மூன்றுமே இருந்தன. தடித்த கொழுப்புப் படலமும், இப்பொருள்களை உடைக்கும் நொதிகளின் பற்றாக்குறையும் சேர்ந்ததால் கடல் பாலூட்டிகள் மிக அதிகம் சுமக்கின்றன. தாய் ஓங்கிலும் தலைச்சன் குட்டிக்கே பெரும்பங்கு கொடுக்கிறது.

வேளாண்மையில் டி.டி.டி. 1989-ல் தடை செய்யப்பட்டது. பி.எச்.சி.க்கு 1997 ஏப்ரல் 1 முதல் தடை. ஆனால் லிண்டேன் மட்டும் 2013 வரை அனுமதியோடு நீடித்தது. ஒரு டன் லிண்டேன் எடுத்தால் எட்டு முதல் பன்னிரண்டு டன் வரை ஆல்ஃபாவும் பீட்டாவும் கழிவாக மிஞ்சும். அதை வயலில் தூவவும் முடியாது, எரிக்கவும் எளிதில்லை. லக்னோ அருகே உம்மரி கிராமத்தில் அப்படிக் கொட்டிய குவியலை டெல்லி விஞ்ஞானிகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முகையூர்ப் பக்கத்தில் பத்து வயதுச் சிறுமியாகக் கம்பளிப்புழு பொறுக்கியவளுக்கு இன்று நாற்பதைத் தாண்டியிருக்கும். அரைக்கால் கணக்கின்படி பெரும்பகுதி போயிருக்க வேண்டும், போன வழியில் பிள்ளைகளும் உண்டு. அவளுடைய கல்லீரல் கற்காத ஒன்றை மண் கற்றுக்கொண்டது. 1990-ல் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சேதுநாதன் உள்ளிட்டோர், பி.எச்.சி. போட்ட வயலின் வேர்மண்ணில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். ஆல்ஃபா, காமாவோடு பீட்டாவையும் அது சிதைத்தது. பின்னாளில் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் ரூப் லால் குழுவினர் அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்களைப் பிரித்தறிந்தார்கள். பி.எச்.சி. குவியல் கிடக்கும் நிலங்களை அதைக் கொண்டு சுத்தம் செய்ய முடியுமா என்ற முயற்சி அங்கிருந்து தொடங்கியது.