நிதிக் கணிப்பான்

நிதிக் கணிப்பான் (ஃபைனான்சியல் கால்குலேட்டர்) என்பது கடன் தவணை, கூட்டு வட்டி, முதலீட்டின் இன்றைய மதிப்பு போன்றவற்றைச் சூத்திரம் எழுதாமலே கணக்கிடும் கைக்கருவி. அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் 1973இல் வெளியிட்ட எச்பி-80 இவ்வகையின் முன்னோடி. அதே நிறுவனம் 1981இல் கொண்டுவந்த எச்பி-12சி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விற்பனையில் நிலைத்தது; மின்னணுப் பொருள்களில் இது அபூர்வம்.

எச்பி-12சியில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. 2, என்டர், 3, கூட்டல் என்ற வரிசையில் அழுத்த வேண்டும். போலந்துத் தருக்கவியலாளர் யான் வுகாசியேவிச்சின் குறியீட்டு முறையைத் தலைகீழாக்கிய வழி இது. பழகியவர்கள் விடமாட்டார்கள், புதியவர்களுக்குச் சில நாள் எரிச்சல்தான். அவர்களுக்கு டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிஏ II பிளஸ் எளிது. நிதிப் பகுப்பாய்வாளர்களுக்கான சிஎஃப்ஏ தேர்வு எழுதுவோருக்கு இந்த இரு வரிசைகளைத் தவிர வேறு கருவிக்கு அனுமதி இல்லை. ஆகவே வாங்குமுன் தேர்வு விதியைப் பார்ப்பது நல்லது.

தவணை எண்ணிக்கை, வட்டி, இன்றைய மதிப்பு, தவணைத் தொகை, எதிர்கால மதிப்பு என ஐந்து பொத்தான்கள்தான் கருவியின் உயிர். நான்கைக் கொடுத்தால் ஐந்தாவது கிடைக்கும். 10 லட்சம் ரூபாய்க் கடன், ஆண்டு வட்டி 8.5 சதவீதம், 240 மாதம், எதிர்கால மதிப்பு சுழியம் என்று கொடுத்தால் மாதத் தவணை திரையில் -8,678.23 என வரும். கழித்தல் குறியைப் பிழை என எண்ண வேண்டாம்: கைக்கு வரும் பணம் கூட்டல், கையை விட்டுப் போவது கழித்தல்.

தப்பு பெரும்பாலும் கருவியுடையது அல்ல. அணைத்தாலும் பழைய எண்கள் நினைவில் தங்கிவிடும். முந்தைய கணக்கின் எதிர்கால மதிப்பு அடுத்த கணக்கில் ஓசைப்படாமல் கலந்துவிடும். ஒவ்வொரு கணக்கின் தொடக்கத்திலும் நிதிப் பதிவுகளை அழிக்க வேண்டும். தவணை மாதத் தொடக்கத்திலா இறுதியிலா, பிஏ II பிளஸ் என்றால் ஆண்டுக்கு எத்தனை தவணை என்ற அமைப்புகளையும் சரிபார்க்க வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. பழைய எச்பி-12சிக்கு எல்ஆர்44 பட்டன் பேட்டரி மூன்று; பிஏ II பிளஸுக்கு சிஆர்2032 ஒன்று. பழைய எச்பி-12சியின் திரையில் இடது கீழ் மூலையில் நட்சத்திரக் குறி மின்னினால் பேட்டரி தீர்கிறது என்று பொருள். பயன்படுத்திய கருவியை வாங்குவோர் பேட்டரி மூடியைத் திறந்து பார்க்கட்டும். உள்ளே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்க வேண்டாம்.