இரவல் எஞ்சின்கள்

வீட்டுக் கொட்டகையிலே, தச்சு உளியும் தையல் ஊசியும் கொண்டு, தன் கைப்பட ஓர் ஆகாய விமானத்தைக் கட்டி முடித்து, அதில் தானே ஏறிப் பறக்கத் துணிந்த மனிதர்களின் சரித்திரத்தைப் படிக்கிறவனுக்கு ஓர் உண்மை விரைவிலேயே புலப்பட்டுவிடும். இறக்கையின் விட்டங்களையும் உடலின் சட்டங்களையும் அவர்கள் தாமே இழைத்துக்கொண்டார்கள். மேலே போர்த்தும் துணியைத் தாமே தைத்து, மெருகெண்ணெயும் தாமே பூசினார்கள். எஞ்சினை மட்டும் அநேகமாக எல்லோரும் பிறரிடமிருந்தே பெற்றார்கள். மோட்டார் காருக்கென்று வார்த்தது, மோட்டார் சைக்கிளுக்கென்று கடைந்தது, ராணுவம் கழித்துப்போட்டது, தீயணைப்புப் பம்பை ஓட்டவென்று ஏற்பட்டது என்று வெவ்வேறு பிறப்புடைய யந்திரங்களெல்லாம் இந்தச் சிறு விமானங்களின் மூக்கிலே வந்து அமர்ந்திருக்கின்றன. சொந்தமாய் விமானம் கட்டுகிறவர்கள் கூடுமிடமெல்லாம் பிஸ்டன் எஞ்சினா, டர்பைன் எஞ்சினா என்ற விவாதம் எழுகிறது; இரண்டில் எது உயர்ந்த ஜாதி என்ற தர்க்கமாகவே அதைப் பெரும்பாலோர் நடத்துகிறார்கள். நூறு வருஷத்துச் சரித்திரத்தைப் பார்க்கும்போது, எந்தக் காலத்தில் எவர் செய்த எஞ்சின் இவர்கள் கைக்கு எட்டியது என்பதுதான் அந்த விவாதத்தைத் தீர்த்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த நியதிக்கு விலக்கானவர்கள், எல்லோருக்கும் முன்னோடிகளான ரைட் சகோதரர்களே. தங்களுக்கு வேண்டிய அளவில் லேசான எஞ்சின் கிடைக்குமா என்று மோட்டார் உற்பத்தியாளர்களுக்குக் கடிதம் எழுதிப் பார்த்து, அனுகூலமான பதில் வராமற்போகவே, டேட்டன் நகரத்திலிருந்த தங்கள் சைக்கிள் கடையின் மெக்கானிக் சார்லஸ் டெய்லரிடம் அந்த வேலையை ஒப்படைத்தார்கள். ஒரு கடைசல் யந்திரமும் துளையிடும் யந்திரமும் தவிர அதிகம் ஒன்றுமில்லாத அந்தக் கடையில், ஆறு வாரத்தில், அலுமினிய வார்ப்பிலே நான்கு ஸிலிண்டர்கள் கொண்ட எஞ்சினை அவர் உருவாக்கிவிட்டார். அதற்குக் கார்புரேட்டர் என்ற உறுப்பே கிடையாது. மேலேயிருந்து சொட்டுகிற பெட்ரோல், எஞ்சினின் சூட்டிலேயே ஆவியாகி, காற்றோடு கலந்து உள்ளே போகவேண்டும். 1903 டிசம்பர் 17-ஆம் தேதி மனிதனை ஆகாயத்தில் ஏற்றிய சக்தி, சுமார் பன்னிரண்டு குதிரைத்திறன்தான்.

அடுத்து வந்த ஸாந்தோஸ் துய்மோன் செய்த உபகாரம் வேறு வகைப்பட்டது. பிரேஸில் தேசத்தில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அந்தத் தனவந்தர், மூங்கிலும் பட்டும் கொண்டு செய்த ‘தெமுவாஸெல்’ என்ற தட்டாரப்பூச்சி போன்ற விமானத்துக்குக் காப்புரிமை எதுவும் கோராமல், யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910-ல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ சஞ்சிகை அதன் வரைபடங்களை வெளியிட்டது. அதே 1910-ஆம் வருஷத்திலே நம் சென்னை நகரமும் இந்தச் சரித்திரத்தில் இடம்பெற்றது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டு, கோச்சு வண்டிகள் செய்து பெயர்பெற்ற ஸிம்ப்ஸன் கம்பெனியின் பட்டறையிலே அதைக் கட்டுவித்து, சொற்ப சக்தியுள்ள எஞ்சினைப் பூட்டி, பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் ஜனங்களுக்குப் பறந்தும் காட்டினார். சாரட்டு வண்டிக்குச் சட்டம் இழைத்த கைகளே விமானத்துக்கும் சட்டம் இழைத்தன.

ஆயினும், இரவல் எஞ்சினை ஒரு கலையாகவே வளர்த்த பெருமை, மின்னஸோட்டா மாகாணத்துச் செர்ரி குரோவ் என்ற சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்பால் என்பவருக்கே உரியது. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அந்த மனிதர், விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் தம்மைப்போன்ற கிராமவாசியால் ஒருநாளும் வாங்க முடியாத விலையில் விற்பதைக் கண்டு, ஊருக்கு ஊர் மலிந்து கிடந்த ஃபோர்டு காரின் எஞ்சினையே நம்பினார். மாடல் ‘டி’ எஞ்சினோடு பல சோதனைகள் செய்து, 1929-ல் மாடல் ‘ஏ’ எஞ்சினைப் பூட்டி, ‘ஏர் கேம்பர்’ என்ற இருவர் அமரும் விமானத்தைப் பறக்கவைத்தார். நாற்பது குதிரைத்திறனுள்ள அந்த எஞ்சின், காருக்குள் சுழலும் அதே நிதானமான வேகத்தில் சுழன்றது. பற்சக்கரம் எதுவும் இடையில் இல்லாமல், நீண்ட மர விசிறியை நேராகவே சுழற்றியது. காரின் பொறிமூட்டும் சாதனத்தை எடுத்துவிட்டு, பாட்டரியின் தயவு வேண்டாத மாக்னெட்டோவை வைத்தார். தண்ணீரால் குளிரும் எஞ்சினாகையால் ரேடியேட்டர் ஒன்று அவசியமாயிற்று. அது பறக்கிறவர்களின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து நின்று பார்வையை மறைத்தது. இன்றைக்கும் அந்த விமானத்தை ஃபோர்டு எஞ்சினோடு கட்டுகிறவர்கள் அந்த ரேடியேட்டரின் இருபுறமும் எட்டிப் பார்த்துத்தான் தரை இறங்குகிறார்கள். கார் எஞ்சின் ஆகாயத்துக்கு உதவாது என்று கருதிய சஞ்சிகை ஆசிரியர் ஒருவரின் எண்ணத்தை மாற்ற, பீட்டன்பாலும் அவர் தோழரும் இரண்டு விமானங்களைப் பறக்கவிட்டுக்கொண்டே அவரிடம் போனார்கள். அந்தச் சஞ்சிகையே பிற்பாடு விமானத்தின் வரைபடங்களைப் பிரசுரம் செய்தது. வித்வான்களின் அபிப்பிராயத்தை ஒரு கிராமத்து மெக்கானிக் தம் கைவேலையாலேயே திருத்தியது, இந்தச் சரித்திரத்தில் என் மனத்துக்கு மிகவும் உகந்த அத்தியாயம்.

பிரான்ஸில் ஆன்ரி மின்யே 1933-ல் பறக்கவிட்ட ‘ஆகாயப் பேன்’ என்ற விமானமும், அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகமும் மூட்டிய ஆவேசத்தையும், தொடர்ந்து நேர்ந்த மரண விபத்துக்களால் அது தடைப்பட்டதையும் இங்கே விரிக்கவேண்டியதில்லை. யுத்தத்துக்குப் பிறகு நிலைமை தெளிந்தது. பிரெஞ்சுக்காரர்களான ஜொலியும் தெலமோந்தேயும் 1948-ல் பறக்கவைத்த ‘ஜொதெல்’ என்ற ஒற்றை ஆசன விமானத்துக்கும், அதன்பின் ஐரோப்பாவில் தோன்றிய பல சிறு விமானங்களுக்கும் ஃபோக்ஸ்வாகன் காரின் எஞ்சின் வரப்பிரசாதமாய் வாய்த்தது. காற்றாலேயே குளிரும் எஞ்சினாதலால் ரேடியேட்டர் தொல்லை ஒழிந்தது. அமெரிக்காவிலோ, பழைய பயிற்சி விமானங்களிலிருந்து கழற்றிய 65 குதிரைத்திறன் காண்டினென்டல் எஞ்சின்கள் ஏராளமாய்க் கிடைத்தன. 1953-ல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் பரீட்சார்த்த விமானச் சங்கத்தை ஆரம்பித்தபோது, அங்கே கூடியவர்களுக்கு எஞ்சின் என்றாலே பிஸ்டன் எஞ்சின்தான். வேறொன்றைப் பற்றிய நினைவே எழ நியாயமில்லை.

ஆனால் வேறொன்று அதற்குள் பிறந்துவிட்டிருந்தது. இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டிலும் ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைனும் தனித்தனியே முயன்றார்கள்; ஓஹைனின் எஞ்சினைக் கொண்டு 1939 ஆகஸ்ட் 27-ஆம் தேதி ஜெர்மனியில் முதல் ஜெட் விமானம் பறந்தது. யுத்தம் முடிந்ததும், ஜெட் எஞ்சினின் உயிரான டர்பைனைச் சிறிதாக்கிச் சகல காரியங்களுக்கும் உபயோகிக்கலாம் என்ற நம்பிக்கை எங்கும் பரவியது. அமெரிக்காவில் போயிங் கம்பெனியின் சிறிய டர்பைன் ஒரு லாரியை ஓட்டியது. 1952-ல் செஸ்னா கம்பெனியின் லேசான விமானம் ஒன்றை ஆகாயத்திலும் ஏற்றியது. இங்கிலாந்தில் கார் உற்பத்தியாளர்களான ரோவர் கம்பெனியார், தீயணைப்புப் பம்பு முதலிய தரைவேலைகளுக்கென்று 60 குதிரைத்திறன் டர்பைன் ஒன்றைச் செய்தார்கள். அதையே விசிறி சுழற்றும்படி மாற்றி, 1960-ஐ ஒட்டிய காலத்தில் ‘கரி வாட்’ என்ற இரட்டை இறக்கை விமானத்தில் பூட்டிப் பறக்கவும் செய்தார்கள். 1937-ல் ஓர் ஆங்கிலேயர் திட்டமிட்ட அந்த மரவிமானம், மரவேலை தெரிந்த எவரும் கட்டக்கூடிய அளவுக்கு எளிமையானது. அந்த மூக்கிலே டர்பைன் சீறியதை, இரண்டு யுகங்கள் ஒரே சட்டத்தில் சந்தித்த நிகழ்ச்சி என்று நான் மதிக்கிறேன். பரீட்சை வெற்றிதான், சந்ததி மட்டும் ஏற்படவில்லை.

அதற்கான காரணம் யந்திர சாஸ்திரத்தில் இருக்கிறது. சிறிது நின்று பார்க்கத் தகுந்தது. டர்பைனுக்குப் பெருமையே நண்பன், சிறுமையே பகை. சக்கரம் சிறிதாகச் சிறிதாக, அதன் இதழ்களின் நுனி அதே வேகத்தில் போகவேண்டுமானால், சுழற்சி அதிகமாயாக வேண்டும். பெரியவர்களின் வரிசையில் சேராத கனடா தேசத்து ‘பி.டி.6’ டர்பைனிலேயே உட்சக்கரம் நிமிஷத்துக்கு 37,500 முறை சுழல்கிறது, விசிறியோ 2,200-க்கு மேல் சுழலலாகாது, ஆகவே இடையில் பற்சக்கரப் பெட்டி தவிர்க்க முடியாததாகிறது. சக்கரத்தின் நுனிக்கும் சுற்றியுள்ள கூட்டுக்கும் நடுவே விடவேண்டிய மயிரிழை இடைவெளி, எஞ்சின் சுருங்குகிற விகிதத்தில் சுருங்க மறுக்கிறது. பெரிய டர்பைனில் பொருட்படுத்த வேண்டாத கசிவு, சிறிய டர்பைனில் பெரும் நஷ்டமாகிவிடுகிறது. அன்றியும், டர்பைன் உண்டாக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை அதனுடைய கம்ப்ரஸரே விழுங்குவதால், மெதுவாய்ப் பறக்கும்போதும் எரிபொருள் செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. நல்ல பிஸ்டன் எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 200 கிராம் பெட்ரோலில் திருப்தி அடைகிறது. மிகச் சிறிய டர்பைனோ அதைப்போல இரண்டு பங்குக்கும் மேல் கேட்கிறது. இருபதாயிரம் அடிக்கு மேலே, குளிர்ந்த மெல்லிய காற்றில், டர்பைன் தன் குணத்தைக் காட்டும் என்பது வாஸ்தவமே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டாயிரம் அடி உயரத்தில் தன் ஊரைச் சுற்றி வருகிறவனுக்கு அந்தக் குணத்தால் என்ன பிரயோஜனம்?

இருந்தும் ஆசை விடவில்லை. 1971-ல் ஜிம் பீட் என்ற அமெரிக்கர் ‘பி.டி.5’ என்ற மிகச் சிறிய ஒற்றை ஆசன விமானத்தைப் பறக்கவிட்டபோது, அதன் அழகைக் கண்டு 5,000-க்கும் மேற்பட்டவர்கள் உறுப்புகளை வாங்கினார்கள். உறுப்புகள் வந்தன, எஞ்சின் வரவில்லை. பனிவண்டிகளுக்கு எஞ்சின் செய்த ஹிர்த் என்ற ஜெர்மானியக் கம்பெனியை நம்பியிருந்தார் பீட். 1974-ல் அது திவாலாகிவிட்டது. மாப்பிள்ளை வராத கல்யாணப் பந்தலைப்போல, எத்தனையோ கொட்டகைகளில் உடலும் இறக்கையும் காத்துக் கிடந்தன. அதே விமானத்தில், மோட்டார் பொருத்திய கிளைடருக்கென்று பிரான்ஸில் செய்த சிறிய ஜெட் எஞ்சினைப் பூட்டிய ரகமும் ஒன்று உண்டு. 1983-ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அதைப் பார்த்தவர்கள் நினைவு கூரலாம். விலையும் எரிபொருள் செலவும் காரணமாக அது காட்சிப் பொருளாகவே பெரும்பாலும் நின்றுவிட்டது. பணத்தையும் வருஷங்களையும் இழந்து நின்ற அந்த ஆயிரக்கணக்கானவர்களை எண்ணும்போது, எஞ்சின் கைக்கு வருமுன் விமானத்தைத் தொடங்கலாகாது என்ற பழைய பட்டறை எச்சரிக்கை எத்தனை அனுபவத்தில் பிறந்தது என்று தெரிகிறது.

டர்பைன் உண்மையாகவே வேரூன்றிய இடம், எதிர்பாராத ஓர் இடம்: சொந்தமாய்க் கட்டும் ஹெலிகாப்டர். பெரிய ராணுவ ஹெலிகாப்டர்களுக்குள் துணை யந்திரமாகவும், தரையில் மின்சார ஜெனரேட்டர்களை ஓட்டவும் ஸோலார் கம்பெனி செய்த ‘டி.62’ என்ற சிறு டர்பைன், ராணுவம் கழித்தபோது குறைந்த விலைக்கு வந்தது. ஜெனரேட்டருக்கென்று பிறந்ததால் ஒரே வேகத்தில் நிலைத்து ஓடும் சுபாவம் அதற்கு இருந்தது. ஹெலிகாப்டரின் மேல்விசிறி கேட்பதும் அந்த ஒரே வேகத்தைத்தான். பி. ஜே. ஷ்ராம் என்பவர் திட்டமிட்ட ‘ஹெலிசைக்கிள்’ என்ற ஒற்றை ஆசன ஹெலிகாப்டர் அதை ஏற்றுக்கொண்டது. எரிபொருளை அது தாராளமாய்க் குடித்தது. ஆனால் நடுவானில் நின்றுபோகாத எஞ்சினுக்காக அந்தச் செலவை ஏற்பவர்கள் இருந்தார்கள், அவர்களைக் குறைகூற இடமில்லை.

பணம் படைத்தவர்களுக்கு மற்றொரு வழி திறந்தது. கிழக்கு ஐரோப்பாவின் அரசியல் மாறியதும், செக் தேசத்து வால்டர் கம்பெனியின் 750 குதிரைத்திறன் டர்பைன்கள் மேற்கு நாடுகளுக்கு நயமான விலையில் வந்தன. 350 குதிரைத்திறன் பிஸ்டன் எஞ்சினுக்கென்று அமைந்த ‘லான்கேர் 4-பி’ என்ற நான்கு பேர் விமானத்தில் அவற்றைச் சிலர் பூட்டினார்கள். வேகம் கிடைத்தது, கூடவே கூடுதல் எரிபொருள் தொட்டிகளும் தேவைப்பட்டன. எஞ்சின் வலுத்ததால் இறக்கை வலுத்துவிடாது, இன்ன வேகத்துக்குமேல் நடுங்கிச் சிதறும் என்ற வரம்பு அப்படியே இருந்தது. டர்பைனை உயிர்ப்பிக்கும் அந்த அரை நிமிஷமே ஒரு பரீட்சை: பாட்டரி சோர்ந்திருந்தால் சக்கரம் போதிய வேகம் பிடிக்காது; காற்றில்லாமல் ஜ்வாலை மட்டும் வளரும்; வெப்பமானியின் முள் ஏறுவதைக் கண்டவுடனே எரிபொருளை நிறுத்தாதவன், சில விநாடிகளில் இதழ்களை உருக்கிவிட்டு, ஒரு புது பிஸ்டன் எஞ்சின் விலையைச் செலவில் எழுதவேண்டியதுதான். இதே காலத்தில் ஓரிகன் மாகாணத்து ரிச்சர்ட் வான்குரன்ஸ்வனின் ‘ஆர்.வி.’ விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டுப் பறந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் மூக்கிலிருப்பது, தொழிற்சாலை விமானங்களுக்கென்று அமைந்த லைகாமிங் பிஸ்டன் எஞ்சின்.

மண்ணெண்ணெய் ஜாதியைச் சேர்ந்த, எந்தப் பெரிய விமான நிலையத்திலும் கிடைக்கிற எரிபொருளில் ஓடுவது டர்பைனின் ஒரு பெரிய அனுகூலமாக இருந்தது. பிஸ்டன் எஞ்சின்களோ ஈயம் கலந்த விசேஷ பெட்ரோலை நம்பியிருந்தன. 2002-ல் அந்த அனுகூலத்திலும் பங்குகேட்டு ஒரு பிஸ்டன் எஞ்சின் வந்தது. ஜெர்மனியில் தீலெர்ட் கம்பெனி, அந்த எரிபொருளிலேயே ஓடும் டீசல் எஞ்சின் ஒன்றுக்கு விமானத் தகுதிப் பத்திரம் பெற்றது. அது ஒரு மெர்ஸிடிஸ் காரின் எஞ்சினிலிருந்து உருவானது.