சுவரில் எழுதிய நான்கு அடிகள்

யேசுதாஸ் பாடிய முதல் சினிமாப் பாட்டு எது? கேரளத்தில் பள்ளி ஆண்டு விழாவோ, வாசகசாலைக் கொண்டாட்டமோ, ஓணப் போட்டியோ, எங்கே வினாடி வினா நடந்தாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். கொச்சி நகரின் கலூர்ப் பிள்ளைகள் கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். படம் ‘கால்பாடுகள்’. இசை எம்.பி. சீனிவாசன். பாட்டு பதிவான நாள் 1961 நவம்பர் 14. இடம் சென்னை பரணி ஸ்டூடியோ. எழுதியவர் யார் என்று துணைக் கேள்வி போட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கும்: நாராயண குரு. கைதட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு ஆர்வம் அந்தக் கடைசிப் பதிலில்தான். சினிமாவுக்கென்று எழுதப்பட்ட பாட்டு அல்ல அது. இந்தியாவில் சினிமா என்று ஒன்று வருவதற்கு முன்பே பிறந்தது. பாடுவதற்கு என்றுகூட எழுதப்படவில்லை. ஒரு கோயில் சுவரில் வந்து போகிறவர்கள் படிப்பதற்காக எழுதி வைத்த நான்கு அடிகள். அங்கிருந்து கிளம்பி ஃபோர்ட் கொச்சிக்காரர் ஒருவரின் தொண்டைக்கு வந்து சேர அவை எழுபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டன.

அருவிப்புறம், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் நெய்யாறு பாறைகளுக்கு நடுவே இறங்கி ஓடும் இடம். 1888 சிவராத்திரி இரவில் நாராயண குரு ஆற்றுக்குள் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாக நிறுவினார். ஈழவர் குலத்தில் பிறந்தவர் பிரதிஷ்டை செய்வதாவது என்று கேட்டவர்களுக்கு, தாம் வைத்தது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் பதில் சொன்னதாகக் கேரளம் முழுக்கச் சொல்வார்கள். அந்தப் பதிலின் கூர்மை எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த இடத்துக்கு அவர் எழுதிக் கொடுத்த வாசகம். சாதிப் பிரிவும் மதப் பகையும் தள்ளி, கூடப் பிறந்தவர்களைப் போல மனிதர்கள் வாழ்வதற்கு இது ஒரு மாதிரி இடம் என்பது அதன் பொருள். உள்ளே இருக்கும் சாமியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வாசலுக்குள் வருகிற மனிதர்களைப் பற்றியே பேசுகிறது. கோயில் வாசல்களில் யார் வரக்கூடாது என்று எழுதி வைத்திருந்த காலத்தில், எல்லோரும் வாருங்கள் என்று எழுதிய சுவர் அது.

தமிழ் வாசகருக்குக் குருவை அன்னியராக நினைக்க வேண்டியதில்லை. கன்னியாகுமரிக்குப் பக்கத்து மருத்துவாமலையில் தவம் இருந்தவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். தைக்காடு அய்யாவு சுவாமியிடம் யோகம் கற்றவர். அருவிப்புற அடிகளின் எளிமையில் நம் சித்தர்களின் சாயல் இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

கோயிலை நடத்த அமைந்த சிறு குழு 1903இல் எஸ்.என்.டி.பி. (ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன) யோகமாக வளர்ந்தது. கவிஞர் குமாரன் ஆசான் அதன் முதல் செயலாளர். யோகத்தின் கிளைகள் எங்கெல்லாம் போயினவோ அங்கெல்லாம் இந்த நான்கு அடிகளும் போயின. கூட்டத் தொடக்கத்தில் சொன்னார்கள், குருவின் படத்துக்குக் கீழே அச்சடித்தார்கள், பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். அதுவரை அவற்றுக்கு என்று நிலையான மெட்டு ஒன்றும் இருக்கவில்லை. சொல்கிறவர் குரல்தான் மெட்டு.

கொச்சி அப்போது எப்படி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1913இல் புலையர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கூட்ட நினைத்தபோது எர்ணாகுளத்தில் அவர்கள் கால் ஊன்றிக் கூட நிலம் இல்லை. கவிஞர் பண்டிட் கருப்பன் வழி சொன்னார்: காயலில் கூடுங்கள், தண்ணீர் யாருடைய சொத்தும் அல்ல. வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி, நீர்மேல் கூட்டம் நடத்தினார்கள். காயல் சம்மேளனம் என்று வரலாற்றில் அதற்குப் பெயர். இன்றைக்கு மெட்ரோவும் ஸ்டேடியமுமாக நெரியும் கலூர்ச் சாலைகளில் போகும்போது இதே ஊர்தானா என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. நான்கு ஆண்டு கழித்து, 1917 மே மாதம், வைப்பின் தீவின் செறாயியில் ஐயப்பன் என்ற இளைஞர் ஈழவர்களையும் புலையர்களையும் ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பிடச் செய்தார். சொந்தச் சாதிக்காரர்களே அவரை ஒதுக்கிவைத்தார்கள், புலையன் ஐயப்பன் என்று கேலி பேசினார்கள். குரு அவர் பக்கம் நின்றார். அருவிப்புறச் சுவரில் இருந்த சகோதரத்துவத்தை ஐயப்பன் தன் இயக்கத்துக்கும் பத்திரிகைக்கும் பெயராக வைத்துக்கொண்டார். சகோதரன் ஐயப்பன் என்ற பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. சுவரில் இருந்த அடிகள் முதல்முறை கொச்சிக் காயலைத் தொட்டது அந்தப் பந்தியில்தான் என்பது என் எண்ணம்.

காயலுக்கு மேற்கே மட்டாஞ்சேரியும் ஃபோர்ட் கொச்சியும். குஜராத்திகள், கொங்கணிகள், யூதர்கள், தக்கனி பேசும் முஸ்லிம்கள், லத்தீன் கத்தோலிக்கர்கள், தமிழ் வண்ணார்கள் என்று ஒரு சிறு நிலத்துண்டில் இத்தனை பேர். பாடகர் மெஹபூப் பிறந்து வளர்ந்து, வீட்டு மாடிகளிலும் கல்யாணப் பந்தல்களிலும் விடிய விடியப் பாடிய இடம் இது. பின்னால் உம்பாயி கஜல் பாடியதும் இந்தச் சந்துகளில்தான். இங்கே 1940 ஜனவரி 10 அன்று யேசுதாஸ் பிறந்தார். தந்தை அகஸ்டின் ஜோசப் நாடக மேடையில் பாடி நடித்தவர், பாகவதர் என்றே ஊரார் அழைத்தார்கள். நம் நல்லதங்காள் கதையை 1950இல் ‘நல்லதங்க’ என்று மலையாளத்தில் படமாக எடுத்தபோது அதன் நாயகன் அவர்தான். மகனுக்கு முதல் குரு அப்பா. பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரி. படிப்பு முடிந்தபோது வீட்டில் வறுமை. வானொலி நிலையம் இந்தக் குரல் ஆகாது என்று திருப்பி அனுப்பியதாகவும் சொல்வார்கள்.

இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனைத் தமிழ்நாடு இன்னும் நன்றாக நினைவில் வைத்திருக்க வேண்டும். சித்தூரில் 1925இல் பிறந்த தமிழர். சென்னையில் மாணவராக இருந்தபோதே கம்யூனிஸ்ட் ஆனவர். ஜாலியன்வாலாபாக் நாட்களின் தலைவர் சைஃபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவை மணந்தவர். நிமாய் கோஷ் எடுத்த ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு 1960இல் அவர் போட்ட பாடல்களில் ஒன்றை ஜெயகாந்தன் எழுதினார். அந்த மெட்டு இன்றைக்கும் வாடவில்லை. சினிமாவில் வாசிக்கும் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்து, உழைத்த கூலியைக் கேட்டு வாங்க வைத்ததும் அவர்தான். இவை எல்லாவற்றையும்விட இந்தக் கதைக்குத் தேவையான செய்தி ஒன்று உண்டு. சீனிவாசன் டெல்லியில் ஏ.கே. கோபாலனுக்கு உதவியாளராக இருந்தவர். ஏ.கே.ஜி. யார்? 1931இல் குருவாயூர்க் கோயிலை எல்லாச் சாதிக்கும் திறக்கக் கோரி கேளப்பன் தலைமையில் நடந்த சத்தியாகிரகத்தில் தொண்டர்களின் கேப்டன். கோயில் வாசலில் அடிபட்டவர். அருவிப்புற அடிகள் என்ன கேட்கின்றன என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இந்த இசையமைப்பாளருக்கு இல்லை.

கே.எஸ். ஆன்டனி இயக்கிய ‘கால்பாடுகள்’ சாதிக் கொடுமையைப் பேசும் படம். அதில் குருவின் அடிகளைச் சேர்த்தார்கள். ரிக்கார்டிங் சென்னையில். டாக்ஸி ஓட்டும் நண்பர் ஒருவர் கொடுத்த பதினாறு ரூபாயோடு யேசுதாஸ் ரயில் ஏறிய கதையை அவர் ரசிகர்கள் எல்லோரும் அறிவார்கள். சென்னை வந்ததும் டைபாய்டு. அவர் பாடுவதாக இருந்த பாடல்கள் வேறு குரல்களுக்குப் போய்விட்டன. வந்த பையனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் சீனிவாசன் அவருக்கு மீதம் வைத்தது இந்தச் சிறு சுலோகத்தை. இப்படித்தான் சொல்லக் கேட்டிருக்கிறோம். பெரிய பாட்டு கிடைத்திருந்தால் அவர் அறிமுகம் வேறு மாதிரி இருந்திருக்கும். காய்ச்சல் அவருக்கு நல்லது செய்தது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

பரணி ஸ்டூடியோ பி. பானுமதியும் அவர் கணவர் ராமகிருஷ்ணாவும் மகன் பெயரில் நடத்தியது. அந்தக் காலத்து ரிக்கார்டிங்கில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்க வேண்டும். யாராவது ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து. காய்ச்சலில் எழுந்து வந்த இருபத்தொரு வயதுப் பையன் மைக்குக்கு முன் நின்றிருக்கிறார். இப்போது அந்தப் பதிவைக் கேட்டால், பின்னாளில் நாம் பழகிய அந்தக் கனத்த, உருண்ட குரல் அதில் இன்னும் முழுதாக வரவில்லை. மெலிவாக, நேராக இருக்கிறது. சங்கதிகளைக் காட்டி அசத்தும் எண்ணமே இல்லை. சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். சீனிவாசனும் மெட்டைச் சொற்களுக்கு மேலே ஏற்றவில்லை. சுவரில் எழுத்தாக நின்றதை அப்படியே ஓசையாக நிற்க வைத்துவிட்டார்கள் இருவரும்.

படம் 1962இல் வந்தது. படத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. அடிகள் மட்டும் படத்தை விட்டு இறங்கித் தனியே நடந்தன. மலையாளத்தில் யார் சொன்னாலும் அதன் பிறகு அந்த மெட்டு காதில் வராமல் இருக்காது. யேசுதாஸ் வளர்ந்தார். 1964இல் எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’ அவரைத் தமிழுக்குத் தந்தது. சலில் சௌத்ரி, தேவராஜன், எம்.எஸ்.வி., இளையராஜா என்று அடுத்தடுத்து வந்தவை தனிக் கதை. எட்டு முறை தேசிய விருது, 2017இல் பத்ம விபூஷண். இத்தனைக்கும் நடுவே கச்சேரி மேடையில் உட்கார்ந்ததும் இந்த நான்கு அடிகளைப் பாடித் தொடங்கும் வழக்கத்தை வைத்துக்கொண்டார். கர்நாடக சங்கீத மேடையில் வர்ணத்துக்கு முன்னால் ஒரு சாதி மறுப்பு வாசகம் கேட்கிறது. கொச்சியில், வளைகுடாவில், அமெரிக்காவில், சென்னை மார்கழிக் கச்சேரிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அதைப் பொருளோடு கேட்டார்கள் என்பது வேறு. ஆனால் கேட்காமல் யாரும் அடுத்த பாட்டுக்குப் போக முடியவில்லை. ஒரு பாடகர் தன் புகழை இப்படிச் செலவழித்ததை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

அடிகளின் பொருள் நடைமுறையில் தெரியும் வாசல்களும் உண்டு. கலூர்ப் புனித அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் நவநாள். மெழுகுவத்தியோடு வரிசையில் நிற்பவர்களில் பொட்டு வைத்த பெண்களும் இருப்பார்கள், முக்காடு போட்டவர்களும் இருப்பார்கள். அந்த வாசலில் யாரும் பெயர் கேட்பதில்லை. சபரிமலையில் இரவு நடை சாத்தும்போது ஒலிக்கும் பாட்டு, 1975இல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்துக்காக தேவராஜன் இசையில் யேசுதாஸ் பாடியது. ஒரு லத்தீன் கத்தோலிக்கரின் குரலில்தான் ஐயப்பன் தூங்கப் போகிறார். தன் பிறந்தநாளில் கொல்லூர் மூகாம்பிகை சன்னதிக்குப் போய்ப் பாடுவதையும் யேசுதாஸ் வழக்கமாக வைத்திருந்தார்.

குருவாயூர் மட்டும் வேறு. ஏ.கே.ஜி. அடிபட்ட அந்த வாசல் 1947இல் இந்துக்களில் எல்லாச் சாதிக்கும் திறந்தது. சுவரெழுத்தின் முதல் பாதி அங்கே ஒருவாறு நிறைவேறியது. இரண்டாம் பாதி, மதத்தைப் பற்றியது, வெளியிலேயே நின்றது. யேசுதாஸின் குரு செம்பை வைத்தியநாத பாகவதர் குருவாயூரப்பனுக்கே தன்னை ஒப்புக்கொடுத்தவர். அவர் பெயரால் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சங்கீத விழாவில் சீடரும் பாடினார், கோயிலுக்கு வெளியே மேல்பத்தூர் அரங்கத்தில். சில அடி தள்ளி இருக்கும் வாசலுக்குள் போக முடியாது. ‘ஒதேனன்டெ மகன்’ படத்துக்கு வயலார் ராமவர்மா எழுதி 1970இல் வந்த பாட்டு ஒன்றில் குருவாயூர் வாசலுக்கு ஏங்கும் ஒரு மனம் பேசும். பாடியவர் யேசுதாஸ் என்பதால் அதை அவருடைய சொந்த ஏக்கமாகவே மக்கள் கேட்டார்கள். அவர் அவசரப்பட்டுக் கதவைத் தட்டவும் இல்லை, கோபித்துக்கொண்டு பாடாமல் இருக்கவும் இல்லை. 2017இல் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில், இந்து தெய்வங்களில் நம்பிக்கை உண்டு என்று எழுதிக் கொடுத்த அவருக்கு அனுமதி தந்தது. எழுதிக் கொடுத்தால் உள்ளே வரலாம் என்ற அந்த ஏற்பாட்டை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியவில்லை. அருவிப்புறத்துச் சுவர் யாரிடமும் எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை.

அண்மையில் சிவகிரி மடத்தின் தலைமை யேசுதாஸைக் குருவாயூருக்குள் அனுமதிக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. சிவகிரியில்தான் நாராயண குரு 1928இல் சமாதி அடைந்தார். குருவின் அடிகளை அறுபது ஆண்டுகளாக மேடை மேடையாகச் சுமந்தவருக்காக, அந்த அடிகளை எழுதியவரின் மடமே வந்து வழக்காடுகிறது. குருவாயூர் தேவஸ்வம் இன்னும் வழிவிடவில்லை.