ஆபத்துக் குழாய் வந்த வரலாறு



ரப்பர் ஆலைக்குள் சென்று வந்தவர்கள் பச்சை நிறப் பலகை ஒன்றைக் கண்டிருக்கலாம். அதன் கீழே தலைக்கு மேலாகப் பெரிய பூவாளி போன்ற ஒரு குழாய் இருக்கும். இடுப்பளவு உயரத்தில் ஒரு கிண்ணமும், அதனுள்ளே மேல்நோக்கிய இரண்டு சிறு குழாய்களும் இருக்கும். திராவகம் உடம்பிலோ கண்ணிலோ பட்டவர் ஓடி வந்து நிற்க வேண்டிய இடம் அது. சில ஆலைகளில் அதன் பிடியில் ஈரச் சாக்கு காய்ந்துகொண்டிருப்பதும் உண்டு! இந்தக் குழாய் எப்படி வந்தது, நம் வேலைக்காட்டுக்கு வருவதற்கு ஏன் அத்தனை காலம் பிடித்தது என்பதை இன்று காண்போம்.

முதலில் திராவகம் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பால்மரத்தின் தாயகமான அமேசான் காட்டிலே திராவகம் கிடையாது. அங்குள்ளவர்கள் ஒரு கோலின் மேல் பாலை ஊற்றி, நெருப்புப் புகையில் காட்டிக் காட்டி உறைய வைத்தார்கள். 1876ஆம் ஆண்டு விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அவற்றிலிருந்து வளர்ந்த கன்றுகளில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. பின்னர் ஆயிரக்கணக்கான ஏக்கரில் மரம் நின்று, நாள்தோறும் வாளி வாளியாகப் பால் வந்தபோது, புகை காட்டி உறைய வைப்பது நடக்கிற காரியமா? தொட்டியில் பாலை ஊற்றி அமிலம் கலந்து உறைய வைக்கும் முறை தோட்டங்களில் நிலைத்தது. முதலில் அசெட்டிக் அமிலம், பிறகு பார்மிக் அமிலம். நாம் 'ஆசிட்' என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பார்மிக் அமிலத்தைத்தான்.

இதன் பெயரிலேயே ஒரு வேடிக்கை உண்டு. இலத்தீன் மொழியில் 'பார்மிக்கா' என்றால் எறும்பு. 17ஆம் நூற்றாண்டில் எறும்புகளைக் காய்ச்சி வடித்து இந்த அமிலத்தை எடுத்தார்கள். எறும்பு கடித்த இடம் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஓர் எறும்பிடம் உள்ளது மிகமிகச் சொற்பம். ஆனால், ஆலைக்குக் கலனில் வரும் அமிலத்தின் சத்து நூற்றுக்கு 85, 90 பங்கு. பாலில் கலப்பதற்கு முன்பு அதை நீர்விட்டு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குத் தணிக்க வேண்டும். கலனைச் சாய்த்து அளக்கும் அந்த நேரத்தில்தான் கண்ணில் தெறிக்கும் ஆபத்து பெரிது.

மற்றொரு பொருள் அமோனியா. பால் உறையாமல் இருக்க அமோனியா கலக்கலாம் என்பதற்கு 1853ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றிருந்தார்கள். பாலைத் திரவமாகவே கப்பலேற்றும் வணிகம் பெருகியபோது தோட்டங்களிலும் அமோனியா பெருகியது. ஆசிட்டுக்குப் பயப்படும் நம்மவர் பலர், "அமோனியாதானே, வெறும் நெடிதானே" என்பார்கள். இந்த எண்ணம் தவறு. ஏன் என்பதைப் பால் தொட்டியைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

ஆசிட் விட்டால் பால் உறைகிறது. கண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதச் சத்தும் ஆசிட் பட்டால் அதே போல உறைகிறது. அப்படி உறைந்த படலம், ஆசிட் மேலும் உள்ளே போவதை ஓரளவு தடுக்கிறது. அமோனியா விட்டால் பால் உறைவதில்லை. கண்ணிலும் அது எந்தத் தடுப்பையும் உண்டாக்குவதில்லை. கொழுப்பைக் கரைத்துக்கொண்டு சில நொடிகளிலேயே கண்ணின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. ஆகவே ஆசிட்டை விட அமோனியாவே கண்ணுக்குப் பெரும்பாலும் கொடியது. டிரசர் வரட்டும் என்று காத்திருக்க அங்கே நேரமில்லை.

அப்படியானால் உடனே என்ன செய்வது? நெடுங்காலம் மருத்துவ நூல்களே ஒன்றுக்கொன்று மாற்றுப் பொருளைச் சொல்லிவந்தன. ஆசிட் பட்டால் சோடா மாவுக் கரைசல், காரம் பட்டால் காடி அல்லது எலுமிச்சை நீர் என்பது அவற்றின் முறை. கேட்பதற்கு அறிவுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1927ஆம் ஆண்டு டேவிட்சன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இதை ஆய்வுக்கூடப் பிராணிகளைக் கொண்டு சோதித்து வெளியிட்டார். மாற்று மருந்து இட்டவற்றைவிட, உடனே வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவப்பட்டவையே அதிகம் பிழைத்தன. மாற்று மருந்தைத் தேடிக் கலக்குவதற்குள் நேரம் போய்விடுகிறது. அமிலமும் காரமும் சேரும்போது சூடும் பிறக்கிறது. தண்ணீரோ விஷத்தைத் தணிக்கிறது, சூட்டை ஆற்றுகிறது, அடித்துக்கொண்டும் போகிறது.

நம் வீடுகளில் கண்ணில் ஏதாவது பட்டால் தாய்ப்பால் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் உண்டு. பெரியவர்கள் அன்பினால் செய்வதை நாம் பழிக்கவில்லை. ஆனால் திராவகம் பட்ட கண்ணுக்குச் சில துளிகள் போதா. அந்தத் துளிகளைத் தேடும் நேரத்தில் பார்வையே போய்விடலாம்.

டேவிட்சன் எழுதியதற்கும் சட்டம் வந்ததற்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. 1971இல்தான் அமெரிக்கக் கூட்டரசின் தொழிற்பாதுகாப்பு விதிகளில், அரிக்கும் பொருள் படக்கூடிய இடத்திலேயே உடலையும் கண்ணையும் உடனே நனைக்கும் வசதி வேண்டும் என்ற வாசகம் இடம்பெற்றது. அதற்கான அளவுகளைக் கூறும் தரநிலை 1981இல் வெளிவந்தது. பல நாடுகளில் இன்று அதையே பின்பற்றுகிறார்கள். ஆபத்து நேர்ந்த இடத்திலிருந்து 10 நொடியில் குழாயை அடைய வேண்டும். தண்ணீர் 15 நிமிடம் நிற்காமல் வர வேண்டும். கண் கழுவும் குழாயில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் வர வேண்டும் என்றால், 15 நிமிடத்துக்கு ஏறத்தாழ 23 லிட்டர். நம் கணக்கில் ஒரு மண்ணெண்ணெய் டின்னுக்கும் சற்று அதிகம். உடம்பை நனைக்கும் பெரிய குழாய்க்கோ நிமிடத்துக்கு 75 லிட்டர். 15 நிமிடத்துக்கு அறுபது டின்னுக்கு மேல்!

வாரந்தோறும் ஒரு முறை குழாயைத் திறந்து விட வேண்டும் என்பதும் தரநிலையில் உண்டு. குழாயில் தேங்கிய நீரில் துருவும் அழுக்கும் சேரும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரையை ஒட்டி ஓடும் குழாயின் நீர் கொதிக்கவும் செய்யும். புண்ணான கண்ணில் வெந்நீர் பட்டால் என்னாவது?

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, எந்திரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் பார்வை ஆலை வாசலோடு நின்றது. மருந்தடிக்கும் நிரைகளுக்கு அது வரவில்லை. அந்தக் காலத்தில் நிரைகளில் நடந்ததோ பெரிய மாற்றம். முன்பு புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்ற கொடிய நஞ்சைத் தெளித்தார்கள். 1962இல் விற்பனைக்கு வந்த பாராகுவாட் அதன் இடத்தைப் பிடித்தது. முதுகில் பம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், நம் தாய்மாரும் அக்காமாரும். பாராகுவாட் கண்ணில் பட்டால் முதல் நாள் சிறு உறுத்தல்தான் இருக்கும். புண் சில நாள் கழித்தே முற்றும். அதனால் "ஒன்றுமில்லை" என்று மறுநாளும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள்.

விவசாயத்தையும் உள்ளடக்கிய தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. 2002இல் தெனாகனித்தா அமைப்பு, தோட்டத்தில் மருந்தடிக்கும் பெண்கள் பட்ட பாட்டை ஆய்வு நூலாக வெளியிட்டது. அதே ஆண்டு பாராகுவாட்டுக்குத் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் தடை விலக்கப்பட்டது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை நடப்புக்கு வந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் 2024இல் நீக்கப்பட்டு, 1994ஆம் ஆண்டுச் சட்டமே ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் உரியதாக விரிந்தது.

சட்டம் நிரைக்கு வந்தாலும் குழாய் வந்துவிடாது. அங்கே தண்ணீரைச் சுமந்துதான் போக வேண்டும். மருந்து கலக்க டிராக்டரில் தொட்டித் தண்ணீர் போகிறது. அதோடு மூடியிட்ட சுத்தமான தண்ணீர் டின் இரண்டு, கழுவுவதற்கென்றே தனியாகப் போவதில் செலவு என்ன வந்துவிடும்? கண்ணில் பட்டவர் தாமாகவே இமையைத் திறந்து வைத்திருக்க முடியாது; வலி விடாது. கூட வேலை செய்பவர் விரலால் இமையை விரித்துப் பிடித்து, தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக நீரை ஊற்ற வேண்டும். அப்போதுதான் அடுத்த கண்ணுக்குள் போகாது.

உடம்பில் பட்டால் நனைந்த உடையைக் கழற்ற வேண்டும் என்பது விதி. ஆண்கள் நிற்கும் ஆலையில் ஒரு பெண் அதை எப்படிச் செய்வாள்? வெட்கத்தினால் திராவகம் ஊறிய துணியோடு வீட்டுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. குழாயைச் சுற்றி ஒரு திரை போட்டால் தீரும் இந்தச் சிக்கலை, குழாய் வைத்தவர்கள் பலர் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்று நிரைகளில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். பாராகுவாட் போனாலும் வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. ஆலையில் ஆசிட்டும் அமோனியாவும் இருக்கின்றன. பச்சைப் பலகையில் எழுத்தைவிடப் படமே பெரிதாக இருப்பது இதனால்தான். வெள்ளை நிறத்தில் ஒரு கண், அதன்மேல் விழும் நீர்த்துளிகள். எந்த மொழிக்காரரும் அதைப் படித்துவிடலாம்.