செக்ரோலிலிருந்து சுகாதார அளவீடு வரை

தேயிலைச் செடியைப் பற்றி அறிய விரும்புவோர் தலவாக்கலைக்குத்தான் வரவேண்டும். 1925ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்நகரை அடுத்த செயின்ற் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. எந்தச் செடி எந்த உயரத்தில் எவ்வளவு கொழுந்து தரும், எந்த உரத்துக்கு எப்படித் துளிர்க்கும் என்பவற்றுக்கெல்லாம் அங்கே பல பத்தாண்டுக் கணக்கு உண்டு. அந்தச் செடிகளுக்கு நடுவே லயங்களில் பிறந்த பிள்ளை எந்த வயதில் எவ்வளவு உயரம் வளர்ந்திருந்தது என்று கேட்டால் கொழும்புப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கும் கிடைப்பது அண்மைக் காலத்துக் கணக்கே.

இதனால் மலையக மக்களை யாரும் எண்ணவில்லை என்று கொண்டுவிடக் கூடாது. இலங்கையில் இவர்களைப் போல ஓயாமல் எண்ணப்பட்ட மக்கள் வேறு யாரும் இல்லை என்றே நான் சொல்வேன். காலையில் பிரட்டுக்களத்தில் எண்ணினார்கள். செக்ரோலில் பேர் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் கழுத்தில், போய்ச்சேரவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு தொங்கியது. எண்ணியவர் யார், எதற்காக எண்ணினார் என்பதுதான் இங்கே கேள்வி.

கோப்பிக் காலத்திலிருந்து பார்ப்போம். 1840களில் தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்தவர்களில் எத்தனைபேர் வழியிலும் தோட்டங்களிலும் மாண்டார்கள் என்பதற்குச் சரியான பதிவு கிடையாது. 1841 முதல் 1848 வரை 70,000 பேர் இறந்திருக்கலாம் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அந்த எண் இன்றும் மேடைகளில் முழங்குகிறது. வந்தவர் தொகைக்கும் திரும்பியவர் தொகைக்கும் இடையேயிருந்த இடைவெளியை வைத்தே அக்காலத்தில் இத்தகைய மதிப்பீடுகள் எழுந்தன. திரும்பியவர்கள் எல்லோரும் பதிவானார்களா என்று ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் பெருந்தொகையானோர் மாண்டார்கள் என்பதில் ஐயமில்லை. எண் உறுதியற்றது, துயரம் உறுதியானது. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதப் பழகிக்கொள்வது பத்திரிகையாளனுக்கு அவசியம்.

1871இல் முதலாவது முறையான குடித்தொகை மதிப்பு நடந்தது. அடுத்த ஆண்டே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கான கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் மேலும் இரண்டு சட்டங்கள் வந்தன. இவற்றால் தோட்டத்துரைமார் பிறப்பு, இறப்பு, நோய் பற்றிய விபரங்களை மேலிடத்துக்குச் சொல்லக் கடமைப்பட்டார்கள். கருணையும் கணக்கும் இங்கே பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. செத்துப்போகும் தொழிலாளி செலவு என்பதைத் துரைமார் அறிந்திருந்தார்கள்.

1911இன் குடித்தொகை மதிப்பில் ‘இந்தியத் தமிழர்’ தனி இனமாகப் பிரிக்கப்பட்டார்கள். அந்தப் பிரிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். 1947இல் தலவாக்கலைத் தொகுதி சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948இன் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அவரை அனுப்பிய மக்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. ஆனால் செக்ரோலில் அவர்கள் பெயர் இருந்தது. குடித்தொகை அட்டவணையிலும் இருந்தது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரை 525,000 என்றும் 300,000 என்றும், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட 150,000 என்றும் பங்கிட்டது. எண்ணப்பட்டவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

1970களில் இன்னொரு விநோதம் நிகழ்ந்தது. குறைந்த வருமானத்தில் நிறைந்த ஆரோக்கியம் கண்ட நாடு என்று இலங்கையை உலகம் புகழத் தொடங்கியது. 1985இல் றொக்பெல்லர் மன்றம் நடத்திய ஆய்வில் சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு இலங்கையும் முன்மாதிரியாக வைக்கப்பட்டது. புகழ்ச்சி பொய்யல்ல. ஆனால் அது தேசிய சராசரிக்குக் கிடைத்த புகழ்ச்சி. அதே 1970களில், குறிப்பாக 1973–74இன் உணவுப் பஞ்சத்தில், தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டின் வீதத்தைவிடப் பெரிதும் உயர்ந்திருந்தது. மொத்தச் சனத்தொகையில் சிறு பங்கினரான மக்களின் மரணம் சராசரிக்குள் கரைந்துவிட்டது.

வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் நேரில் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பின் பயன் இங்கேதான் தெரிகிறது. 1975இல் உலகக் கருவள அளவீட்டின் பகுதியாக அத்தகைய ஒன்று இலங்கையில் நடந்தது. 1987இல் முதலாவது குடித்தொகை, சுகாதார அளவீடு நடந்தது. 15 முதல் 49 வயது வரையான 5,865 பெண்களிடம் விபரம் பெறப்பட்டது. யுத்தம் காரணமாக வடக்கும் கிழக்கும் விடுபட்டன. பின்னர் 1993, 2000, 2006–07, 2016 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்தது. 25 மாவட்டங்களையும் உள்ளடக்கியது 2016இன் அளவீடே. அதில் 18,302 பெண்கள் விபரம் அளித்தார்கள். இந்த அளவீடுகள் நகரம், கிராமம், தோட்டம் என மூன்று துறைகளாகப் பிரித்து முடிவுகளைத் தருகின்றன. துரையின் கையைத் தாண்டி, தாயின் வாயிலிருந்து வந்த கணக்கு என்ற வகையில் மலையக வரலாற்றில் இது புதியது.

சரி, ‘தோட்டம்’ என்றால் என்ன? தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணப்படி 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புக் கொண்டு, 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் வதியும் பெருந்தோட்டம். நகரம் என்பது மாநகர, நகர சபைகளின் எல்லைக்குள் இருப்பது. தலவாக்கலை–லிந்துலை நகர சபையின் எல்லைக்குள் கடை வைத்திருக்கும் தமிழர் நகரத்தார். சற்றுத் தள்ளி லயத்தில் இருக்கும் அவருடைய தமக்கை தோட்டத்தார். மலைச்சரிவில் சொந்தக் காணி வாங்கிக் குடியேறிய தம்பி கிராமத்தார். ஒரே குடும்பம் மூன்று நிரல்களில் விழுகிறது. ஆகவே தோட்டத் துறையின் எண்ணை ‘மலையகத் தமிழரின் எண்’ என்று எழுதுவது தவறு. தோட்டத்தை விட்டு வெளியேற முடிந்தவர்கள் வேறு நிரலுக்குப் போய்விடுகிறார்கள் என்பதையும் மறக்கலாகாது.

எண்களுக்கு வருகிறேன். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளை வளர்ச்சி குன்றியோர் என்கிறார்கள். நீண்டகாலப் போசாக்குக் குறைவின் அடையாளம் இது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் இவர்களின் பங்கு 2006–07இல் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத் துறையில் 40.2 வீதம். 2016இல் நாட்டின் எண் அதே 17.3. தோட்டத் துறையில் 31.7. நுவரெலியா மாவட்டத்தில் 32.4. பத்தாண்டுகளாக நாட்டின் எண் அசையாமல் நின்றபோது தோட்டத்தின் எண் இறங்கியிருக்கிறது. இது நற்செய்தி. இறங்கிய பிறகும் நாட்டின் எண்ணைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருக்கிறது. இதுவும் செய்திதான். இவற்றில் ஒன்றை மட்டும் எழுதுபவர் அரசாங்கத் தரப்பாகவோ எதிர்த்தரப்பாகவோ இருப்பார் என்று ஊகிக்கலாம்.

இந்த எண்களை அவற்றுக்கு முந்திய ஆண்டுகளோடு ஒப்பிடப் புகுவோர் ஒரு பள்ளத்தைக் கவனிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு அறிக்கையில் நாட்டின் வளர்ச்சி குன்றல் 13.5 வீதம். ஆறேழு ஆண்டுகளில் 13.5 இலிருந்து 17.3 ஆக நிலைமை மோசமாகிவிட்டதா? அதே காலத்தில் நிறை குறைந்த பிள்ளைகளின் வீதமோ 29.4 இலிருந்து 21.1 ஆக இறங்கியிருக்கிறது. ஒரே பிள்ளைகள், ஓர் எண் ஏறுகிறது, மற்றது இறங்குகிறது! காரணம் பெரும்பாலும் அளவுகோலில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் கணக்கு அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து வகுத்த பழைய அளவுகோலின்படி செய்யப்பட்டது. 2006 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனம் புதிய அளவுகோலை வெளியிட, அடுத்த அறிக்கை அதைக் கைக்கொண்டது. அறிக்கையின் பின்னிணைப்பைப் புரட்டாதவர்கள் வெற்றியையோ வீழ்ச்சியையோ அறிவித்துவிடுவார்கள்.

அந்தப் புதிய அளவுகோல் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு வகையிலும் உதவியது. ‘அவர்கள் பரம்பரையே குட்டை’ என்று சொல்லும் குரல்களை நான் பத்திரிகைப் பணியில் இருந்த காலம் முழுவதும் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் படித்தவர்களே அதிகம். பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல உணவும் பராமரிப்பும் பெற்ற பிள்ளைகளை அளந்தபோது, முதல் ஐந்து வயதுவரை எல்லோரும் ஏறத்தாழ ஒரே சீராக வளர்வதைக் கண்டார்கள். புதுடில்லியில் அளக்கப்பட்ட பிள்ளையும் ஒஸ்லோவில் அளக்கப்பட்ட பிள்ளையும் ஒரே வளைகோட்டில் நின்றார்கள். எங்கள் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டைப் பாருங்கள். 2019–21இன் இந்தியக் குடும்ப நல ஆய்வில் அங்கு வளர்ச்சி குன்றியோர் 25.0 வீதம். ஆண்டும் ஆய்வும் வேறானவை. ஆகவே இரண்டையும் கழித்து வித்தியாசம் எழுதமாட்டேன். ஆனால் பரம்பரை வாதத்தின் வாயை அடைக்க இது போதும். இலங்கையில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில் நடப்பதால், பிரசவம் நடக்கும் இடத்திலும் பழியைப் போட முடியாது. தாயின் உணவு, அவளுடைய வேலை நேரம், லயத்துத் தண்ணீர், மலசலகூடம், பிள்ளைக் காம்பரா என்று தேடல் வேறு திசையில் போகவேண்டும்.

வறுமைக் கணக்கிலும் இத்தகைய பொறி உண்டு. 2016இல் தோட்டத் துறையில் வறியோர் 8.8 வீதம் என்றது வருமான, செலவினக் கணக்கெடுப்பு. 2019க்குரிய எண் 51.3 வீதம். மூன்றே ஆண்டில் இப்படியா என்று திகைக்க வேண்டாம். முன்னது பழைய வறுமைக் கோட்டின்படி பணத்தை மட்டும் பார்த்தது. பின்னது கல்வி, சுகாதாரம், வீடு, நீர் என்று பல குறைகளைச் சேர்த்துப் பார்க்கும் பல்பரிமாண அளவு. அடுத்தடுத்து வைத்து எழுதக் கூடாத எண்கள் இவை.

இனி, இவற்றை எப்படிப் பெறுவது? அச்சான அறிக்கைகளைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எவரும் இறக்கிக்கொள்ளலாம். பத்தில் ஒன்பது கேள்விகளுக்கு அவையே போதும். வீட்டுக்கு வீடு பதிவான மூலத்தரவு வேண்டுமாயின், பெயரும் முகவரியும் நீக்கிய வடிவில், பத்தரமுல்லையிலுள்ள சங்கியான மந்திரயவில் நோக்கத்தைக் கூறி விண்ணப்பிக்க வேண்டும். 1987இன் தரவு அமெரிக்க நிதியில் இயங்கிய சர்வதேசத் தொகுப்பில் இருக்கிறது. பதிவு செய்து காரணம் எழுதினால் இலவசமாகக் கிடைத்துவந்தது. 2025 பெப்ரவரியில் அமெரிக்க உதவி நிறுத்தப்பட்டபோது அந்தத் தொகுப்பின் பணி இடைநின்றது. உலகின் தொண்ணூறு நாடுகளின் தாய்மார் சொன்ன விபரங்களுக்கு ஒரு வெளிநாட்டு வரவுசெலவுத் திட்டம் பூட்டாகிவிட முடியும் என்பதை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள்.

பெற்றவர் கொடுக்கும் உறுதிமொழி முக்கியமானது. விபரம் தந்தவர் யார் என்று கண்டுபிடிக்க முயல்வதில்லை, தரவைப் பிறருக்குக் கைமாற்றுவதில்லை என்பன அதன் சாரம். மேற்சொன்ன சர்வதேசத் தொகுப்பில், அளவீடு நடந்த இடங்களின் வரைபடப் புள்ளிகளை வேண்டுமென்றே நகர்த்திவிடுவார்கள்: நகரத்தில் 2 கிலோமீற்றர் வரை, கிராமத்தில் 5 கிலோமீற்றர் வரை. மலையகத்தில் 5 கிலோமீற்றர் என்பது பல தோட்டங்களைத் தாண்டும் தூரம். ஆனால் பத்திரிகையில் நாம் செய்வதென்ன? தோட்டப் பிரிவின் பெயர், தாயின் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கணவனின் குடிப்பழக்கம் என்று எழுதிவிட்டு, ‘பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று அடைப்புக்குறி போடுகிறோம். மெல்லிய சுவர்களால் பிரிந்த லயத்தில் அந்த அடைப்புக்குறி யாரையும் காப்பாற்றாது. 2016இன் அளவீட்டில் குடும்ப வன்முறை பற்றியும் பெண்களிடம் கேட்கப்பட்டது. அடுத்த காம்பராவில் இருமினால் கேட்கும் இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பெண்ணின் துணிவை நினைத்துப் பார்க்கிறேன்.

தலவாக்கலைக்கென்று தனியாக ஒரு வீதம் சொல்லுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். இந்த அளவீட்டால் அது முடியாது. நாட்டின் மக்களில் 2012இன் கணக்குப்படி தோட்டத் துறையினர் 4.4 வீதமே. அளவீட்டில் அகப்படும் தோட்டங்கள் சில. அவற்றில் அளக்கப்பட்ட பிள்ளைகள் இன்னும் சிலர். மாவட்டம் வரைதான் எண் தாங்கும். அதற்குக் கீழே இறங்கினால் முறிந்துவிடும். 31.7க்கும் 32.4க்கும் இடையே கூட வித்தியாசம் இருப்பதாக எழுத முடியாது. மேலும் அவை 2016இன் எண்கள். 2022இன் நெருக்கடியில் மாவும் பருப்பும் விற்ற விலையை அவை அறியா.

தலவாக்கலையின் எண் வேறோர் இடத்தில் இருக்கிறது. மாதந்தோறும் நிறுவை நாளில் குடும்பநல உத்தியோகத்தர் ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கி நிறுத்து அட்டையில் புள்ளியிடுகிறார். அந்தப் புள்ளிகளின் கூட்டுத்தொகை சுகாதார மருத்துவ அதிகாரியின் பணிமனை வழியாகக் கொழும்புக்குப் போகிறது. பெயரின்றி, பிரிவின் பெயருமின்றி, கூட்டுத்தொகையை மட்டும் கேட்டால் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.